காணும், மாமி

தன்னாமுனையில் பஸ் ஏறியதிலிருந்து சர்மிலாவுக்குப் பாடம் நடத்திக்கொண்டே வந்தேன். நத்தாருக்கு, யேசு பிறந்த நாளுக்கு, மாமி வீட்டுக்குப் போகிறோம். ஆறு வயதுப் பிள்ளை அங்கே போய் என் மானத்தை வாங்கக் கூடாது. போன வருசம் இவள் பெரியப்பா வீட்டில் கோழிக்கறியை மணந்து பார்த்துவிட்டு, "இது நாறுது" என்று சபையில் சொன்னவள். அன்று முழுக்க நான் ஒருவர் முகத்திலும் முழிக்கவில்லை.

"கையால சோத்துக் கோப்பைய மறைக்கக் கூடா. வேணா எண்டு கத்தக் கூடா. மாமி சோறு போட்டுப்போட்டுக் காணுமா எண்டு கேப்பா. நீ என்ன சொல்லோணும்?"

"காணும், மாமி."

"சிரிச்சுக்கொண்டு சொல்லு."

"காணும், மாமி." பல் விழுந்த இடம் தெரியச் சிரித்தாள்.

போதும் என்பதற்கு எங்கள் பக்கம் காணும் என்போம். வேண்டாம் என்பதைவிட அதில் மரியாதை கூட. போட்டவருக்கும் மனம் குளிரும்.

"அடுத்தது, ஜொய்சன் அண்ணாவப் பத்தி வாயே திறக்கக் கூடா."

"மாமியே கேட்டா?"

"மாமி என்ன கேட்டாலும் சிரிச்சுக்கொண்டு மரியாதையாப் பதில் சொல்லு. என்ட உயிர வாங்காத" என்று எரிந்து விழுந்தேன். என் கணவர், பற்றிக் என்று பெயர், யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிள்ளைக்குப் பழக்கம் சொல்லிக்கொடுப்பது என் வேலை, பழுதாய்ப் போனால் என்னைப் பேசுவது அவர் வேலை. எங்கள் வீட்டுச் சட்டம் அதுதான்.

மாமி என்பது அவருடைய அக்கா எமிலி. வாகரையில் வாழ்ந்தவர், இப்போது மாங்கேணியில் இருக்கிறார். ஐந்து வருசத்துக்கு முன்னம், நத்தாருக்கு மறுநாள் காலையில் வந்த கடல் அவருடைய கணவர் வின்சன்றைக் கொண்டுபோனது. மிஞ்சியது ஒரே மகன் ஜொய்சன். அவனையும் இரண்டு வருசத்துக்குள், பதினேழு வயதில், வீதியில் வைத்து இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். வன்னியிலிருந்து அவன் எழுதிய கடிதம் ஒன்று வந்தது. இந்த மே மாதம் சண்டை முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு சொல்லும் வரவில்லை. எமிலி மச்சாள் அவனுடைய படத்தை எடுத்துக்கொண்டு முகாம் முகாமாக அலைந்தார். கடைசியில் வவுனியா பஸ் நிலையத்தில் மயங்கி விழுந்தவரை, பற்றிக்தான் போய்த் தூக்கிக்கொண்டு வந்தார். இன்னொரு தரம் இப்படிப் போனால் ஆள் திரும்ப மாட்டார் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

அதனால் பற்றிக்கின் சேர்ட் பொக்கற்றில் ஒரு கடதாசித் துண்டு இருந்தது. மறுநாள் மாங்கேணிக் கோயிலில் கடலோடு போனவர்களுக்காகப் பூசை. அங்கே இறந்தவர்களுடைய பெயர்களை வாசிப்பார்கள். துண்டில் வின்சன்றின் பெயரும் அதற்குக் கீழே ஜொய்சனின் பெயரும் இருந்தன. தாய் ஓம் என்று சம்மதம் சொன்னால்தான் இரண்டாவது பெயரை வாசிப்பேன் என்று பாதர் சொல்லியிருந்தார். அந்த ஒரு ஓமுக்காகத்தான் நாங்கள் நத்தார் உடுப்போடு போய்க்கொண்டிருந்தோம்.

மச்சாள் மஞ்சள் சோறும் இறாலும் கோழியும் சமைத்திருந்தார். பந்தியில் சர்மிலா தங்கமான பிள்ளையாக இருந்தாள். "காணுமா மகள்?" என்று மச்சாள் கேட்டார். "காணும், மாமி" என்று சிரித்தாள். "எவ்வளவு வடிவாப் பழக்கியிருக்கிறீங்க" என்று மச்சாள் சொன்னதும் எனக்குத் தலை கொஞ்சம் கனத்தது. பொய் சொல்லக் கூடாது, பெருமையாகத்தான் இருந்தது.

பற்றிக்குக்குப் பொறுமை கிடையாது. சாப்பாடு முடியுமுன்னமே துண்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"அக்கா, நாளைக்குப் பூசைக்கு ரெண்டு பேரையும் சேத்துக் குடுப்பம். எவ்வளவு காலத்துக்கு நீங்க இப்பிடி..."

மச்சாள் துண்டைப் பார்க்கவில்லை. சோற்றுக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றார். பிறகு சர்மிலாவின் பக்கம் குனிந்தார்.

"நீ சொல்லு மகள். அண்ணாவ இனிக் காணலாமா?"

சர்மிலா தன் தட்டைப் பார்த்தாள், கரண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பாடத்தை ஒழுங்காக ஒப்புவித்தாள்.

"காணும், மாமி."

கரண்டி கீழே விழுந்தது. மச்சாள் அவளை அப்படியே தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "பிள்ளை சொல்லிற்றாள் பற்றிக்! அண்ணாவக் காணுமாம். அண்ணா வருவாராம்!" மே மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தில் நான் சிரிப்பைக் கண்டது அன்றுதான். சர்மிலாவும் விளங்காமல் கூடச் சிரித்தாள். பெரிய கேக் துண்டு ஒன்று கிடைத்தது அவளுக்கு.

பற்றிக் என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"நீ பழக்கினதுதானே. இனி அவ திரும்பவும் படத்தத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடுவா. வழியில செத்துக் கிடப்பா. போய்ச் சொல்லு, அது சோத்துக்குச் சொன்ன பதில் எண்டு."

எனக்கு அவர் மீது ஆத்திரம் வந்தது. என் மீதுதான் கூட வந்தது. ஆனாலும் போனேன். மச்சாள் குசினியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தார்.

"மச்சாள், அவள் சோறு காணும் எண்டுதான்..."

"தெரியும்" என்றார், திரும்பாமலே. "எனக்கென்ன விசரா? அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்?"

நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"எல்லாரும் வந்து மனசத் தேத்திக்கொள் எண்டுதான் சொன்னாங்க மச்சாள். காணலாம் எண்டு பொய்க்காவது ஒருத்தரும் சொல்லல்ல. கொஞ்ச நேரம் நம்பிப் பாத்தன்." சட்டியைக் கவிழ்த்து வைத்தார். கைகளைச் சீலையில் துடைத்தார். "இனி எனக்கும் அலைய ஏலா. பற்றிக்கிட்ட சொல்லுங்க. ரெண்டு பேரையும் குடுக்கட்டும்."

நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை.

"ஒண்டே ஒண்டு. பேர் வாசிக்கக்குள்ள பிள்ளை உள்ளுக்கு இருக்க வேணாம். மரியாதையாப் பதில் சொன்ன பிள்ளை. தான் பிழையாச் சொல்லிற்றன் எண்டு நினைக்கக் கூடா."

மறுநாள் பெயர் வாசிக்கும் நேரம் வந்ததும் சர்மிலாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். வேப்பமரத்தடியில் நிழல் இருந்தது. மரத்திலே ஒலிபெருக்கி கட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை. மாங்கேணியிலும் வாகரையிலும் போனவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக எங்கள் தலைக்கு மேலே வந்தன. பிள்ளைகளின் பெயர்கள்தான் எத்தனை! வின்சன்றின் பெயர் வந்தது. நான் அவளுடைய காதைப் பொத்தக் கையைத் தூக்கினேன். அதற்குள் அடுத்த பெயர் வந்துவிட்டது.

சர்மிலா என் கையை உதறிக்கொண்டு துள்ளினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா! ஜொய்சன் அண்ணாவக் கூப்பிடுறாங்க. வந்திற்றாரா அம்மா?"