ஒன்பதாம் பகுதிக்கு அனுமதி இல்லை

அந்தச் சுரங்கப்பாதை ஆபீஸில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'சந்தேகம்'. பின்னே, வேறென்ன வைப்பார்கள்? உள்ளே வேலை செய்கிறவர்கள் தலையில் ஒரு ஹெல்மெட். நெற்றியில் நாடி துடிக்கிற வரைக்கும் அது 'இருக்கேன், இருக்கேன்' என்று செய்தி அனுப்பும். ஆள் நிற்கிற பகுதியின் நம்பர்தான் செய்திக்கு விலாசம். யார் எந்த விலாசத்தைக் கேட்கலாம் என்று காவல் காக்கிற புரோகிராம் இவள் எழுதியது. நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் நட்சத்திரக் குறியைப் போட்டு, எல்லாவற்றையும் மொத்தமாகக் கேட்க வந்தால் போச்சு! அந்த நேரத்தில் பேசுகிற ஒவ்வொரு விலாசத்துக்கும் அனுமதி இருக்கிறதா என்று துருவும். ஒன்று குறைந்தாலும் கதவைச் சாத்திவிடும். கடவுளே வந்தாலும் வாசலில்தான் நிற்கணும் என்று மேனேஜர் அலுத்துக்கொள்வார்.

அன்றைக்கு மத்தியானம், கணக்கில் கடைசிப் பகுதியான எட்டாம் பகுதியில் கூரை சரிந்தது. எல்லோரும் வெளியே ஓடி வந்துவிட்டார்கள், ஒருத்தனைத் தவிர. அந்த ஒருத்தன் இவள் கூடப்பிறந்த தம்பி.

எட்டில் சத்தமே இல்லை. மற்ற பகுதிகளிலும் அவனைக் காணோம்.

"குவியலுக்கு அடியிலயா, அந்தப் பக்கமா? அத மட்டும் சொல்லுங்க. தப்பான இடத்துல கை வச்சா மிச்சமும் இறங்கிடும்," என்றான் மீட்புக்காரன்.

"நட்சத்திரத்தப் போடும்மா," என்றார் மேனேஜர்.

போட்டாள். கதவு சாத்திக்கொண்டது.

"பாத்தியா! சொந்தத் தம்பிக்கே ஆப்பு வைக்குது உன் காவல்! கழட்டி எறி அத!"

அழுதுகொண்டே கழட்டப் போனவள் கை அப்படியே நின்றது. திரையில் மறுப்பு ஒரே வரியாக நின்றது: 'ஒன்பதாம் பகுதிக்கு அனுமதி இல்லை.'

"சார்... நமக்கு ஒன்பதுன்னு ஒண்ணு இருக்கா?"

"இருக்கு, கணக்குல ஏறல. நேத்துதான் எட்டத் தாண்டிக் குடைஞ்சு, செய்தி வாங்குற கருவிய மாட்டிட்டு வந்தாங்க. இன்னும் யாருக்கும் அனுமதியே எழுதலையே."

அவள் அந்த வரியை மறுபடி படித்தாள். அங்கிருந்து யாராவது பேசினால்தானே அந்த விலாசமே பிறக்கும்! பேசாத இடத்தைப் பற்றி காவலுக்கு என்ன தெரியும், மறுப்பதற்கு? அம்மாடி! இத்தனை பாறைக்கும் அந்தப் பக்கம், கேட்க ஒரு காது இல்லாத இடத்தில், ஒரு நாடி பேசிக்கொண்டிருக்கிறது. அவள் ஒன்பதுக்கு அனுமதி எழுதினாள். 'இருக்கேன், இருக்கேன்' என்று வந்து கொட்டியது.

"அந்தப் பக்கம்தான்! பக்கவாட்டுல துளை போடுங்க!" என்று கத்தினாள்.

சாயங்காலம் தலையெல்லாம் மண்ணோடு தம்பியை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள்.

"நான் அனுப்பினது கேட்டுச்சாக்கா?"

"எங்கடா கேட்டுச்சு? கேக்க விடமாட்டேன்னுல்ல சொல்லுச்சு," என்று அவன் முகத்து மண்ணைத் துடைத்தாள். "அதுலதான்டா நீ உசுரோட இருக்கேன்னு தெரிஞ்சுது."