நாற்பத்தெட்டு விநாடி ஏற்றம்

இடது பாக்கெட் காலியாக இருந்தது. அதனால்தான் மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டான்.

அந்தக் கேளிக்கைப் பூங்காவின் பட்டறையில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. ரோலர் கோஸ்டரின் சக்கரத்தைக் கழற்றி மாட்டினால், நட்டை முறுக்கியதோடு வேலை முடியாது. அது கழன்று வராமலிருக்க ஒரு ஸ்ப்ளிட் பின்னைக் குறுக்கே செருகி, அதன் இரண்டு கால்களையும் வளைத்துவிட வேண்டும். சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கம்பி, அவ்வளவுதான். காலையில் எத்தனை சக்கரமோ அத்தனை புதுப் பின்னை வாங்கி, நீலச் சட்டையின் இடது பாக்கெட்டில் போட்டுக்கொள்வார்கள். ஒவ்வொன்றாக எடுத்துச் செருகுவார்கள். கடைசியில் பாக்கெட்டைத் தட்டிப் பார்ப்பார்கள். பாக்கெட் காலி என்றால் வண்டி தயார். பன்னிரண்டு வருஷமாக அந்தப் பாக்கெட்டைத் தட்டாமல் அவன் பேனாவைத் தொட்டதில்லை.

அன்றைக்கும் தட்டினான். ஆனால் அன்றைக்குச் சக்கரம் கழுவுகிறபோது தண்ணீர்க் குழாய் வாயைப் பிளந்துகொண்டு அவனைத் தொப்பலாக நனைத்துவிட்டது. சட்டையைக் கழற்றிக் காயப்போட்டுவிட்டு, மிச்சமிருந்த பின்களைப் பேன்ட் பாக்கெட்டுக்கு மாற்றிக்கொண்டு, பனியனோடு வேலையைத் தொடர்ந்தான். கடைசிச் சக்கரத்தின் நட்டை முறுக்கி முடித்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. மனைவி.

"என்னங்க, எங்க நிக்கிறது? ஸ்டாஃப் கேட்லயா, பெரிய கேட்லயா? உங்க பொண்ணு கால்ல சக்கரம் கட்டிக்கிட்டு நிக்கிறா."

"அங்கயே இரு. இதோ வரேன்."

எழுந்தான். காய்ந்த சட்டையை மாட்டினான். கை தானாக இடது பாக்கெட்டுக்குப் போனது. காலி. கையெழுத்து. பேன்ட் பாக்கெட்டைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்று அந்தக் கைக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

வருஷத்தில் ஒரே ஒருநாள், வேலை செய்கிறவர்கள் தங்கள் குடும்பத்தை இலவசமாக அழைத்து வரலாம். மனைவியும் அதே பூங்காவில்தான் வேலை பார்த்தாள். சலவைப் பிரிவு. மலைபோல் வந்து விழும் சீருடைகளை மெஷினில் போடுமுன் பாக்கெட் பாக்கெட்டாகத் துழாவுவது அவள் பொறுப்பு. ஆனாலும் சவாரிகளில் ஏறுவதற்கு அவளுக்கும் இந்த ஒருநாள்தான்.

மகளுக்குப் பதினோரு வயது. வீட்டில் அவள் பெயர் சுண்டு. போன வருஷம் சூறாவளி என்கிற அந்த ரோலர் கோஸ்டரின் வாசலில், உயரம் பார்க்கும் கோட்டுக்கு இரண்டு விரல்கடை குறைந்துபோய், அழுதழுது மூக்குக் கண்ணாடியை நனைத்தவள். அன்றிலிருந்து கதவு நிலையில் மாதம் ஒரு பென்சில் கோடு.

"முதல்ல தண்ணி, அப்புறம் சூறாவளி. ஈரத்தோட வேகமாப் போனா சீக்கிரம் காஞ்சிடும். எப்படி என் பிளான்?" என்றாள் சுண்டு.

"மூளை மட்டும் கோட்டைத் தாண்டி வளர்ந்திருக்கு," என்றான்.

அவன் நீலச் சட்டையையும் பேன்ட்டையும் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு, பனியனும் அரைக்கால் சட்டையுமாக வந்தான். மரத்தோணி வடிவில் ஒரு படகு. மூன்று மாடி உயரத்துக்கு மெதுவாக ஏறி, தலைகுப்புற விழுந்து, ஒரு வீட்டுத் தண்ணீர்த் தொட்டியையே முகத்தில் கவிழ்த்தது. மனைவி இருமினாள். பிறகு, அவன் ரொம்ப நாளாகக் கேட்டிராத மாதிரி வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஊர்த் துணியெல்லாம் நான் துவைக்கிறேன். இன்னிக்கு என்னையே துவைச்சுப் போட்டுட்டாங்க."

"பிழியத்தான் ஆள் இல்ல," என்றான் அவன்.

"வீட்ல நீங்க பிழியறது பத்தாதா?"

சுண்டு அதற்கும் சிரித்தாள். அலைக்குளம், சுழல் குழாய், மறுபடி படகு என்று மதியம் இரண்டு மணி வரைக்கும் அந்த மூன்று பேரும் சிரித்தார்கள். பிறகு அவன் லாக்கரைத் திறந்து சட்டையையும் பேன்ட்டையும் மாட்டிக்கொண்டான்.

சூறாவளியின் வாசல். சுண்டு செருப்பைக் கழற்றிவிட்டு விறைப்பாக நின்றாள். கோட்டுக்கு மேலே அவள் தலை அரை விரல்கடை எட்டிப் பார்த்தது.

"நீயும் வாப்பா."

"உங்கப்பாவா? தினம் ஆயிரம் பேரை ஏத்தி அனுப்புவார். தான் மட்டும் ஏற மாட்டார்," என்றாள் மனைவி.

"ஒவ்வொரு வளைவும் எனக்கு மனப்பாடம். தெரிஞ்சவனுக்கு அதுல என்ன த்ரில் இருக்கு?" என்றான். உண்மையில் அவனுக்குத் தலை சுற்றும். அது இரண்டு பேருக்குமே தெரியும்.

அவன்தான் இரண்டு பேரையும் இடம் பார்த்து உட்கார வைத்தான். "மூணாவது பெட்டியில இடது பக்கம். இன்னிக்குக் காலையில கடைசியாப் பார்த்த பெட்டி. வெண்ணெய் மாதிரி ஓடும். சுண்டு, கேட்டுக்கோ. ஏத்தத்துல ஏற நாப்பத்தெட்டு விநாடி. அதுவரைக்கும் சங்கிலிதான் இழுக்கும். பயமா இருந்தா கத்து, மைக் மாமா சிவப்புப் பொத்தானை அமுக்கி நிறுத்திடுவார். படிக்கட்டுல இறங்கி வந்துடலாம். உச்சியைத் தாண்டிட்டா யார் நினைச்சாலும் நிறுத்த முடியாது. கீழ பிரேக்குக்கு வந்தாத்தான் நிக்கும்."

"நான் ஏன் கத்தப் போறேன்?" என்று கண்ணாடியைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள் சுண்டு. குறுக்குக் கம்பி இறங்கி மடியில் பூட்டியது.

மைக் என்பது வண்டியை இயக்குகிறவனின் பட்டப்பெயர். ஒலிபெருக்கியில் பேசிப் பேசி, வீட்டில்கூட அறிவிப்பு செய்கிற ஆள். மெக்கானிக் அவன் பக்கத்தில், பொத்தான்கள் பதித்த மேசையருகே போய் நின்றான். வண்டி நகர்ந்தது. சங்கிலி கொக்கியைக் கவ்வும் சத்தம் கேட்டது. டக். டக். டக்.

மகளின் கண்ணாடியைப் பத்திரமாக வைக்கப் பேன்ட் பாக்கெட்டில் கையை விட்டான்.

ஐந்தாவது விநாடி. விரலில் ஏதோ குத்தியது.

எட்டு. வெளியே எடுத்தான். ஸ்ப்ளிட் பின். பழசைக் கழற்றிப் போட்டுக்கொண்டோமோ என்று ஓர் ஆசை ஓடியது. பழசென்றால் கால்கள் கோணியிருக்கும். இதன் கால்கள் பள்ளிக்கூடத்து அளவுகோல் மாதிரி நேராக இருந்தன. எந்தத் துளைக்குள்ளும் போகாத பின்.

பன்னிரண்டு. எந்தச் சக்கரம்? யோசிக்கவே வேண்டியதில்லை. ஃபோன் அடித்தபோது முறுக்கி முடித்த சக்கரம். மூன்றாவது பெட்டி, இடது பக்கம், பின்சக்கரம்.

"என்னண்ணே, முகம் வெளுத்துப் போச்சு?" என்றான் மைக். "பொண்டாட்டியை மேல அனுப்பிட்டு நிக்கிற மனுஷன் சந்தோஷமா இருக்க வேண்டாமா?"

பதினெட்டு. சிவப்புப் பொத்தான் ஒரு கை நீளத்தில் இருந்தது. அமுக்கினால் சங்கிலி நிற்கும். இருபத்துநாலு பேரும் படிக்கட்டில் இறங்கி வருவார்கள். ஏன் என்று கேட்பார்கள். சக்கரத்தைப் பார்ப்பார்கள். கையெழுத்தைப் பார்ப்பார்கள். நாலு மாதம் முன்பு தண்டவாளத்தில் ஸ்பானரை மறந்து வைத்ததற்கு மேனேஜர் கொடுத்த கடிதம் வீட்டு அலமாரியில் இருந்தது. அடுத்த தவறே கடைசித் தவறு என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. வேலை போனால் பூங்காவுக்குப் பின்னால் வேலைக்காகக் கொடுத்த ஒன்றரை அறை வீடு போகும். அவன் மனைவி என்பதற்காகக் கிடைத்த சலவை வேலையும் கூடவே போகும்.

இருபத்தாறு. காலையிலிருந்து நாற்பது நடையாவது ஓடியிருக்கும். ஒன்றும் ஆகவில்லையே. நட்டை முறுக்கியது என் கை. என் கை முறுக்கினால் சும்மா கழலுமா? இந்த ஒரு நடை. இது வந்து நின்றதும் ஏதாவது சாக்குச் சொல்லி உள்ளே இழுத்துவிடலாம். யாருக்கும் தெரியாது.

முப்பத்திரண்டு. கை கொஞ்சம் உயர்ந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

முப்பத்தெட்டு. அண்ணாந்து பார்த்தான். மூன்றாவது பெட்டியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு முகம் கீழ்ப்பக்கம் திரும்பியிருந்த மாதிரி தெரிந்தது. இவனைப் பார்க்கிறதா, சும்மா தரையைப் பார்க்கிறதா என்று புரியவில்லை. ஸ்ப்ளிட் பின் அவனுடைய மற்றக் கையில், விரிந்த உள்ளங்கையில் கிடந்தது. வெயிலில் மின்னியது.

நாற்பத்துமூன்று. அமுக்கு.

நாற்பத்தாறு. அமுக்குடா.

சங்கிலிச் சத்தம் நின்றது.

அதற்கப்புறம் எண்ண ஒன்றும் இல்லை. அலறல் முதலில் வந்தது. பிறகு இடி மாதிரி சக்கரச் சத்தம். முதல் பள்ளம், பெரிய வளைவு, தலைகீழ்ச் சுற்று. பன்னிரண்டு வருஷத்தில் எந்தச் சத்தம் எங்கே வரும் என்று பழகிப்போன காது, ஒவ்வொரு அடியிலும் ஒரு சக்கரம் பிய்ந்து பறக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தது. சாமி பெயர் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. மனதுக்குள் ஓடியதெல்லாம் ஒரே கணக்குதான். வண்டி மரங்களுக்குப் பின்னால் போனது. வெளியே வந்தது. மறுபடி போனது. வந்தது.

பிரேக் சீறியது. வண்டி நின்றது. இருபத்துநாலு பேரும் உயிரோடு சிரித்துக்கொண்டு இறங்கினார்கள்.

"அப்பா, இன்னொரு தடவை. ப்ளீஸ்ப்பா. நான் கத்தவே இல்ல, அம்மாகிட்ட கேளு."

மனைவி கையை நீட்டினாள். மகளின் கண்ணாடியை வைத்தான். விரல் பட்டது. ஜில்லென்று இருந்தது.

"அந்த பெஞ்சுல உக்காருங்க. பத்து நிமிஷம்," என்றவன் மைக்கிடம் திரும்பினான். "இடது பக்கம் ஏதோ சத்தம் வருது. வண்டியை உள்ள விடு. ஒரு பார்வை பார்த்துடறேன்."

பட்டறைப் பள்ளத்தில் தனியாக இறங்கினான். காலையில் நட்டுக்கும் தண்டுக்கும் குறுக்கே, நட்டு நகர்ந்தால் தெரிவதற்காக, அவன் போட்ட வெள்ளைப் பெயின்ட் கோடு இரண்டாக உடைந்து, ஒரு பாதி எங்கோ போயிருந்தது. ஸ்பானர் தேவைப்படவில்லை. இரண்டு விரலால் தொட்டதும் நட்டு சுழன்றது. இன்னும் ஒன்றரைச் சுற்று. அதற்கப்புறம் பிடித்துக்கொள்ள மரை இல்லை.

பள்ளத்தின் சுவரில் சாய்ந்து கையைக் கடித்துக்கொண்டான். பிறகு நட்டை முறுக்கினான். பின்னைச் செருகினான். கால்களை வளைத்தான். ஒரு நிமிஷ வேலை.

மேலே ஏறி வரும்போது ஃபோர்மேன் நின்றுகொண்டிருந்தார்.

"என்னப்பா, காலையிலயே வேலை முடிஞ்சுதே, குடும்பத்தை விட்டுட்டு இங்க என்ன பண்றே?"

"லேசா சத்தம் கேட்டுச்சு சார். நட்டு கொஞ்சம் இளகியிருந்துச்சு. சரி பண்ணிட்டேன்."

"அவ்வளவு கூச்சல்ல உனக்கு மட்டும் கேட்டுச்சா? காதா அது?" ஃபோர்மேன் அவன் தோளில் தட்டினார். "மேனேஜர்கிட்ட சொல்றேன். அந்த ஸ்பானர் விவகாரத்துக்குக் கொடுத்த லெட்டரைக் கிழிச்சுப் போடச் சொல்றேன். உன்னை மாதிரி ஆள் கிடைக்க மாட்டான்யா."

"தேங்க்ஸ் சார்," என்றது அவன் வாய்.

பெஞ்சில் அவர்கள் இல்லை. பக்கத்து ஃபோட்டோ கவுண்டரில் நின்றார்கள். உச்சியைத் தாண்டிய அந்த நொடியில், மேலே பொருத்தியிருக்கும் கேமரா ஒவ்வொரு பெட்டியையும் படம் பிடிக்கும். வேண்டியவர்கள் வாங்கிக்கொள்ளலாம்.

"என்ன ஆச்சு வண்டிக்கு?" என்றாள் மனைவி.

"சத்தம். நீங்க இறங்குறப்பத்தான் கேட்டுச்சு. உடனே நிறுத்திட்டேன்."

அவள் தலையாட்டினாள். திரையைக் காட்டினாள்.

படத்தில் எல்லோரும் வாயைப் பிளந்து முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுண்டு இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கியிருந்தாள். அவள் மார்புக்குக் குறுக்கே இரண்டு கைகள் பூட்டு மாதிரி இறுகிக் கிடந்தன. அவள் அம்மாவின் கைகள். அம்மாவின் முகம் மட்டும் முன்னால் இல்லை. கழுத்தை முழுக்க இடப்பக்கம் திருப்பி, கீழே, பொத்தான் மேசை இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கண்களில் பயம்கூட இல்லை. கேட்டுக் கேட்டு அலுத்த கண்கள்.

"அம்மா மட்டும் கேமராவைப் பாக்கல," என்றாள் சுண்டு. "எங்கேம்மா பாக்குற?"

"உங்கப்பாவை."

"ஏன், அப்பா என்ன செஞ்சார்?"

"ஒண்ணும் செய்யல."

கவுண்டர்காரப் பெண் படம் வேண்டுமா என்று கேட்டாள். அவன் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான்.

"ஒண்ணு போடும்மா, பெரிசா," என்றாள் மனைவி. சுண்டு சட்டம் போட்ட மாதிரிப் படங்களைப் பார்க்க நகர்ந்ததும் குரலைத் தாழ்த்தினாள். கோபமில்லாத குரல். சலவைக் கணக்குக் கேட்கிற குரல். "தினமும் எத்தனை பாக்கெட்டுலேருந்து பழைய பின்னை எடுத்திருப்பேன். வெயில்ல மின்னுறப்ப எனக்குத் தெரியாதா? நாப்பத்தெட்டுல எத்தனையாவது விநாடியில எடுத்தீங்க?"

எட்டு என்று சொல்ல முடியவில்லை. நாற்பத்தேழு என்று சொல்லவும் முடியவில்லை.

"இப்ப அமுக்குவீங்க, இப்ப அமுக்குவீங்கன்னு நானும் எண்ணிக்கிட்டுதான் போனேன்," என்றாள். "இருபதுலேருந்து."

படம் அச்சாகி வந்தது. ஈரக் கை படாமல் ஓரத்தைப் பிடித்து வாங்கினாள்.

"எங்கேம்மா மாட்டப் போற?" என்று ஓடி வந்தாள் சுண்டு.

"வாசல்கிட்ட. அப்பா நீலச் சட்டை மாட்டுற ஆணிக்கு மேல."

சுண்டு அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "வாப்பா, வண்டி சரியாயிடுச்சுல்ல? இந்தத் தடவை நீயும் வரணும்."

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே, அடுத்த நடைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு சூறாவளி ஏறத் தொடங்கியது. டக். டக். டக். அவன் காதைப் பொத்திக்கொள்ள நினைத்தான். ஒரு கை மகளிடம் இருந்தது. இன்னொரு கை இடது பாக்கெட்டைத் தட்டிக்கொண்டிருந்தது.