கடைசி எழுத்துக்குக் க இல்லை

அக்காவின் நாத்தனாருக்கு நான் வைத்திருக்கும் பெயர் மகாராணி. அவளும் நானும் அக்கா வீட்டில் தங்கி ஒரே கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறோம். அவளுக்கு அது அண்ணன் வீடு. அந்த உரிமையில் ஜன்னலோரக் கட்டில் அவளுக்கு. போகட்டும், கட்டில்தானே என்று விட்டுவிட்டேன்.

க பாஷையை எப்படி விடுவது?

ஒவ்வொரு எழுத்துக்கு முன்னாலும் ஒரு க போட்டுப் பேசுவது எல்லாக் குழந்தைகளுக்கும் தெரிந்த விளையாட்டுதான். சின்ன வயதில் எனக்கு வாக்கியம் முடிவதற்குள் மூச்சு வாங்கும். வாக்கியத்தின் கடைசி எழுத்துக்கு மட்டும் க போடாமல் விட்டுவிடுவேன். தெருப்பிள்ளைகள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை, அவளும் அப்படியே பேச ஆரம்பித்தாள். அன்றிலிருந்து அது எங்கள் இரண்டு பேருடைய பாஷை.

போன வாரம் சமையலறையில் அக்காவின் குரல் கேட்டது. "கவாகடி கபோகலாமா?"

'வாடி போலாமா' என்று என்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். மகாராணி அதற்குள் கூடையோடு வாசலில் நின்றாள். அக்கா என்னைப் பார்த்து, "நீ படிச்சிட்டு இருக்கேன்னு நெனச்சேன், குட்டி" என்றாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. கடைசி எழுத்துக்குக் க போடாததைக்கூட அவளுக்குத் தாரைவார்த்துவிட்டாளே!

இந்த நேரம் பார்த்து வகுப்பில் சார் ஒரு வேலை கொடுத்தார். சாதாரணத் தமிழை ஏதாவது ஒரு விளையாட்டுப் பாஷையாக மாற்றும் புரோகிராம், லிங்க்டு லிஸ்ட் வைத்து எழுத வேண்டும். அதாவது எழுத்துகள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றும் அடுத்ததன் கையைப் பிடித்திருக்கும். நடுவில் புதிதாக ஒரு க நுழைய வேண்டும்.

மகாராணியும் க பாஷையைத்தான் எடுத்தாள். அவளை முந்தியே ஆகவேண்டும் என்று எனக்கு வெறி. சாருக்குத் தெரிந்தது தெருவில் பேசும் க பாஷைதான். எதற்கு வம்பு என்று எல்லா எழுத்துக்கும் க போடும்படி எழுதினேன், கடைசி எழுத்துக்கும் சேர்த்து.

லேபில் 'வாடி போலாமா' என்று கொடுத்து ஓட்டிப் பார்த்தேன். 'கவா' என்று வந்தது. பிறகு ககககக என்று திரை நிறைந்தது, நிற்கவே இல்லை. கம்ப்யூட்டரே என்னைப் பார்த்துக் கெக்கலி கொட்டுவது போலிருந்தது.

பக்கத்திலிருந்து மகாராணி எட்டிப் பார்த்தாள். "நீ 'வா'வோட கைய மொதல்ல புது க பக்கம் திருப்பிட்ட. தனக்கு அடுத்து யாருன்னு அந்தக் க-வுக்குத் தெரியல, தன் கையவே புடிச்சிட்டு சுத்துது. புதுசா வர்றது மொதல்ல பின்னாடி நிக்கறவங்க கையப் புடிக்கணும். அப்பறம்தான் முன்னாடி நிக்கறவங்க கைய மாத்தணும். அப்பத்தான் யாரும் விட்டுப்போக மாட்டாங்க."

புதிதாக நடுவில் நுழைவதைப் பற்றி இவள்தான் எனக்குப் பாடம் எடுக்க வேண்டும்! பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றினேன். ஓடியது.

சார் முதலில் என்னுடையதைப் பார்த்தார். 'கவாகடி கபோகலாகமா'. முழு மார்க். நான் மகாராணியை ஓரக்கண்ணால் பார்த்தேன்.

அவள் திரையில் 'கவாகடி கபோகலாமா' என்று வந்தது.

"கடைசி எழுத்துக்கு க எங்கம்மா? ஒரு வரிதான், சரி பண்ணிடு" என்றார் சார்.

"வேண்டாம் சார். இது எங்க அண்ணி பாஷை. அவங்க தங்கச்சி சின்னப் புள்ளையில இப்படித்தான் பேசுவாளாம். யாருக்குச் சொல்லிக் குடுத்தாலும் அத மட்டும் மாத்தக் கூடாதுன்னு சொல்லித்தான் எனக்கே சொல்லிக் குடுத்தாங்க."

"மார்க் கொறையும்."

"பரவால்ல சார்."

சார் மார்க்கைக் குறைத்தார். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதில் குத்தல் எதுவும் இல்லை, அதுதான் இன்னும் எரிந்தது.

அந்தக் குறைந்த மார்க் எனக்கு வந்திருக்க வேண்டியது. அதையும் அவளே வாங்கிக்கொண்டாள்.