குனியாமல் கொடுத்த சான்றிதழ்

காலை ஏழே முக்காலுக்கு எங்கள் தெருவில் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. கண்ணாடிக் கடைக்காரர் காரைக் கிளப்பினால் போதும். மாடி ஜன்னல் அதிரும், கொடியில் கிடக்கிற துணி நடுங்கும், எதிர் வீட்டுத் தையற்காரம்மா ஊசியில் நூல் கோக்கிற கையை நிறுத்திவிட்டு, "கிளம்பிட்டாரு நம்ம விமானி" என்பார். மூக்குக் கண்ணாடி விற்கிற மனிதருக்கு எதற்கு இத்தனை முழக்கம் என்று தெருவே கேட்டது. அவரிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

கார் ஏற்கெனவே இரண்டு பேர் ஓட்டித் தள்ளியதுதான். ஆனாலும் வாங்கிய நாளிலிருந்து மனிதருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் போனில் வீடியோ பார்த்தார். என்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகிற குழாய்த் தொகுப்புக்கு ஹெடர் என்று பெயர், அதை மாற்றினால் வண்டி சீறும் என்று தெரிந்துகொண்டார். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இவ்வளவு போட்டோ பார்த்திருக்க மாட்டார்கள். நாலு குழாயும் ஒரே இடத்தில் சேருவதா, இரண்டிரண்டாகச் சேர்ந்து பிறகு ஒன்றாவதா என்று மூன்று வாரம் ஆராய்ச்சி. கடைசியில் எடுத்தது, இருந்ததிலேயே மலிவானதை. பளபளவென்று இருந்ததாம்.

மெக்கானிக் அதைக் கையில் வாங்கினார். என்ஜினோடு ஒட்டுகிற தட்டின் மேல் ஓர் இரும்பு ஸ்கேலை வைத்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"பாருங்க சார், ஸ்கேலுக்கு அடியில வெளிச்சம் தெரியுது. தட்டு கோணல். இந்தச் சந்துல புகை கசியும்."

"நடுவுல பேக்கிங் வச்சு போல்ட்டை நல்லா முறுக்கினா?"

"இன்னிக்கு உக்காரும். சூடேறி ஆறினா தளர்ந்துரும். நூறு கிலோமீட்டர் ஓடினதும் கொண்டு வாங்க, மறுபடி முறுக்கணும். இன்னொண்ணு, இது மாட்டணும்னா புகையைச் சுத்தம் பண்ற டப்பாவைக் கழட்டணும். புகைச் சோதனையில தேறாது."

"அதை நான் பாத்துக்கறேன்."

"எதுக்கும் சோதனையில ஒழுங்கா காட்டுங்க. அடியில குனிஞ்சு பாப்பாங்க. கசிவு இருந்தா சொல்லிருவாங்க."

சொல்லிவிட்டு மாட்டியும் கொடுத்தார். அவரும் ஒன்றும் உத்தமர் இல்லை. கசியும் என்று சொல்ல வாய் வந்தவருக்கு, மாட்ட மாட்டேன் என்று சொல்ல வரவில்லை.

புகைச் சோதனை நிலையத்தில் சோதனைக்காரர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கார் உள்ளே நுழைகிற சத்தத்திலேயே உதட்டைப் பிதுக்கினார். "இது தேறாதே சார்." கண்ணாடிக் கடைக்காரர் ஒரு கவரை மேஜை மேல் நகர்த்தினார். "உங்க வீட்ல யாருக்காவது கண்ணாடி மாத்தணும்னா நம்ம கடைக்கே அனுப்புங்க" என்று உபசாரமும் சேர்த்தார். சோதனைக்காரர் நாற்காலியை விட்டு எழவில்லை. புகை அளக்கிற கருவியின் குழாய் சுவரில் பாம்பு மாதிரி சுருண்டு தொங்கியது. சான்றிதழில் முத்திரை விழுந்தது.

அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. கார் ஜன்னல்கள் எல்லாம் மூடியே கிடந்தன. ஓட்டுகிறவர் பக்கம் மட்டும் நாலு விரல் திறந்திருக்கும். சத்தத்தை ரசிக்க வேண்டாமா? பின் சீட்டில், இரண்டாம் வகுப்பு படிக்கிற மகள், பள்ளிக்கூடம் வரும்வரை தூங்கிக்கொண்டே போவாள்.

"தலை வலிக்குதுப்பா" என்று ஒரு நாள் சொன்னாள். கண்ணாடிக் கடைக்காரர் மகளாயிற்றே, கடையில் உட்கார வைத்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். கடைசி வரிவரை கடகடவென்று படித்தாள். மறுநாளும் வலி. மறுபடி பலகை. மூன்றாவது தடவை குழந்தை பலகையைப் பார்க்காமலே ஒப்பித்தது.

அம்மாக்காரி தலையை இறுக்கிப் பின்னுவதை விட்டாள். காலைச் சாப்பாட்டை மாற்றினாள். டிவியை மூடி வைத்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து போன் வரத் தொடங்கியது. மகள் வாந்தி எடுத்தாள், முதல் பாடவேளை முழுக்கப் படுத்தே கிடந்தாள் என்று நாளுக்கொரு சேதி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிள்ளை மான்குட்டி.

"பள்ளிக்கூடம் போகக் கள்ளம் பண்றா" என்றார் இவர்.

"ஏங்க, நேத்து நான் பின்னாடி உக்காந்து வந்தேன்ல, எனக்கும் தலை சுத்துச்சு. ஏதோ வாடை அடிக்குது."

"சோதனை பண்ணின வண்டிடி அது. சர்டிபிகேட் முன் கண்ணாடியிலயே செருகியிருக்கு, எடுத்துப் பாரு."

வேடிக்கை என்னவென்றால், அவர் பொய் சொல்லவில்லை. கவர் கொடுத்தது மறந்தே போயிருந்தது. முத்திரை குத்திய காகிதத்தைத் தினமும் பார்த்துப் பார்த்து, வண்டி நிஜமாகவே தேறிவிட்டதாக நம்பத் தொடங்கியிருந்தார். காகிதமே வந்துவிட்டது, இனி மறுமுறுக்கு எதற்கு என்று மெக்கானிக் பக்கமும் போகவில்லை.

அடுத்த வியாழக்கிழமை பள்ளிக்கூட வாசலில் கதவைத் திறந்து, "எழுந்திரு கண்ணு" என்றார். எழவில்லை. தோளைத் தொட்டு உலுக்கினார். தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. புத்தகப் பையை வீசிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவர் ஓடிய ஓட்டத்தில், வாசல் காவலாளியும் எதற்கென்று தெரியாமலே கூட ஓடினார். நல்லவேளை, ஆஸ்பத்திரி எதிர்ச் சாரியில்தான்.

குழந்தையின் முகத்தில் மூச்சுக் கருவியை மாட்டினார்கள், ரத்தம் எடுத்தார்கள். அம்மாக்காரி ஆட்டோவில் வந்து இறங்குவதற்குள் முடிவு வந்துவிட்டது.

"ரத்தத்துல புகை விஷம் ஏறியிருக்கு" என்றார் டாக்டரம்மா. "எதுல வந்தா?"

"கார்ல. ஆனா அது புகைச் சோதனை பண்ணின கார் டாக்டர்."

"சோதனை பண்ணும்போது நீங்க இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"கசிவு இருக்கான்னு பாத்தாங்களா?"

மேஜை மேல் நகர்த்திய கவர் அப்போதுதான் அவர் ஞாபகத்துக்கு வந்தது. மனைவி அவர் முகத்தையே பார்த்தாள். பதினைந்து வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு அந்த ஒரு பார்வை போதும்.

"யாராவது உங்க கடைக்கு வந்து, கண்ணைப் பாக்காமலே பவர் எழுதிக் குடுன்னா குடுப்பீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். அவள் கத்தியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

சாயங்காலம் நாலு மணிக்குக் குழந்தை கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டது. அதுவரை அந்த மனிதர் நாற்காலியில் உட்காரவில்லை. இன்னும் அரை மணி நேரம் வண்டியில் இருந்திருந்தால் கதையே வேறு என்று டாக்டரம்மா சொன்னதை எங்கள் தெரு இன்றைக்கும் தாழ்ந்த குரலில்தான் பேசுகிறது.

அடுத்த வாரம் மெக்கானிக் பழைய குழாயையும் கழற்றிய டப்பாவையும் திரும்ப மாட்டிக் கொடுத்தார். இவர் நேரே சோதனை நிலையத்துக்குப் போனார். சோதனைக்காரர் ஆளை அடையாளம் கண்டு, சிரித்தபடி முத்திரையைக் கையில் எடுத்தார்.

"உங்களுக்கு எதுக்கு சார் சோதனை? உக்காருங்க, ரெண்டு நிமிஷத்துல குடுத்துடறேன்."

"வேண்டாம். எழுந்து வாங்க. அடியில குனிஞ்சு பாருங்க."

"போன தடவை குடுத்த பேப்பரை யாராச்சும் தப்புன்னாங்களா?"

"யாரும் சொல்லல. அந்தப் பேப்பரைக் காட்டினா மனுஷன் வாயை மூடிக்குவான். புகைக்குப் படிக்கத் தெரியாது." காரைக் காட்டினார். "லஞ்சம் குடுத்துச் சட்டத்தை ஏமாத்திட்டேன்னு நெனச்சேன். நான் ஏமாத்தினது பின் சீட்டுல தூங்கின என் பொண்ணை. குடுத்த நானும் வாங்கின நீங்களும் சேர்ந்துதான் அவளை ஆஸ்பத்திரியில படுக்க வச்சோம்."

சோதனைக்காரரின் சிரிப்பு நின்றது. முத்திரையை மேஜை மேல் வைத்தார். வெளியே வந்து, சட்டை அழுக்காவதைப் பார்க்காமல் ஈரத் தரையில் முழங்கால் ஊன்றி, காருக்கு அடியில் தலையை நீட்டினார். வெகுநேரம் அங்கிருந்து எழவில்லை.

"கசிவு ஒண்ணும் இல்ல சார்" என்ற குரல் மட்டும் அடியிலிருந்து வந்தது. பிறகு, "என் பையன் போற ஸ்கூல் வேனுக்கும் நான்தான் பேப்பர் குடுத்தேன். அன்னிக்கும் நான் எழுந்திருக்கல."