தனியாக வருபவர்களும் வரலாம்

நேற்று இந்தக் கூடத்தில் யாருக்கோ பணி ஓய்வுப் பாராட்டு விழா நடந்திருக்கிறது. தரையெங்கும் நசுங்கிய சாமந்திப் பூ, சமோசா எண்ணெய். இளவரசி துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, மண்டியிட்டு, பழைய துணியால் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அமைச்சகத்தில் அவளுக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் யாராவது பார்த்தால் மயங்கி விழுந்திருப்பார்கள். டேங்கோ நடனத்துக்குத் தரை வழுக்கவும் கூடாது, காலைப் பிடிக்கவும் கூடாது. துடைத்து முடித்ததும் பிளாஸ்டிக் நாற்காலிகளை இரண்டு வரிசையாக, எதிரும் புதிருமாகப் போட்டாள். நிறையப் போட்டால் வருகிறவர்கள் பயந்துபோவார்கள். குறைத்துப் போட்டால் அவளுக்கே பயமாக இருந்தது. போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள்.

காலனிச் சங்கத்தின் செயலாளர் தியாகிஜி நல்ல மனிதர்தான். ஆனால் கூடத்தைக் கேட்டு யோகாக்காரர்கள் அவரை உயிரோடு தின்றுகொண்டிருந்தார்கள். லோதி ரோடு குடியிருப்பில் ஞாயிறு மாலை கூடம் காலியாகக் கிடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. "மேடம், இந்த ஞாயிறும் ஆள் சேரலைன்னா நான் என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்க" என்று இந்தியில் கெஞ்சுகிற குரலில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

முதல் ஞாயிறு வந்தவர்கள் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிக் கேட்க வந்தவர்கள். கதவில் அவள் ஒட்டியிருந்த 'டேங்கோ வகுப்பு' என்ற நோட்டீஸைப் பார்த்து, மொட்டைமாடி டேங்குகளைக் கழுவ ஒருவழியாக ஆள் வருகிறது என்று பிளாக் முழுக்க நம்பிவிட்டது. அர்ஜென்டினா நாட்டு நடனம் என்று விளக்கியதும், "அப்ப டேங்க் எப்ப?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இரண்டாம் ஞாயிறு இரண்டு பெண்கள் வந்தார்கள். இதில் எவ்வளவு எடை குறையும் என்று விசாரித்தார்கள். ஒருவரை ஒருவர் அணைத்தபடி நடப்பதுதான் இந்த நடனம் என்று அவள் சொன்னதும் ஒருத்தி இருமினாள், மற்றவள் அடுப்பில் குக்கர் இருப்பதாக நினைவு வந்து எழுந்தாள்.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்டால், காரணம் மிகவும் எளிமையானது. டேங்கோவைத் தனியாக ஆட முடியாது. சாத்தூரிலிருந்து பரீட்சை எழுதி டில்லி வந்து, கிளார்க்காகி, செக்‌ஷன் ஆபீசராகி, தனியாகவே இருந்து, அதற்குப் பழகியும் போன பிறகு ஒருநாள் சாணக்யபுரியில் ஒரு தூதரக விருந்துக்கு அவளை அனுப்பினார்கள். போக வேண்டிய மேலதிகாரிகள் எல்லோருக்கும் அன்றைக்கென்று ஜலதோஷம். புல்வெளியில் பலகை போட்டு, தொந்தி வைத்த ஒரு பெரியவரும் தலை நரைத்த ஓர் அம்மாளும் ஆடினார்கள். அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, பின்னால் பின்னால் நடந்தாள். பின்பக்கம் என்ன இருக்கிறது என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்றால்கூட இளவரசிக்கு முதுகுப் பக்கம் ஒரு கண் இருக்கும். இப்படிக்கூட ஒருத்தி நடக்க முடியுமா என்று அன்று ராத்திரி முழுக்க அவளுக்கு ஆச்சரியம் தீரவில்லை.

அடுத்த மாதமே தெற்கு டில்லியில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் ஆரிப் நடத்திய வகுப்பில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளைவிட வயதில் சின்னவன், பொறுமைசாலி. வருஷக்கணக்கில் ஆடினார்கள். பிறகு ஆரிப்புக்குப் புனேயில் வேலை கிடைத்தது. மற்றவர்கள் குர்காவ் பக்கம் போய்விட்டார்கள். அங்கே ஆட்டம் தொடங்குகிற நேரத்தில் லோதி ரோட்டுக்குத் திரும்பிவர வண்டி கிடைக்காது. போன மழைக்காலத்திலிருந்து அவள் வீட்டில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஆடிப் பார்க்கிறாள். தீபாவளிக்கு முன்னால் தையற்காரர் தோளை அளந்தபோது, வேறொரு மனிதக் கை தன்மேல் பட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்தாள். அழுகை வந்துவிட்டது. தூசி என்று சொல்லிச் சமாளித்தாள். புதிதாக நாலு பேர் கற்றுக்கொண்டால்தான் இனி அவளுக்கு ஆட்டம் உண்டு. அவ்வளவுதான் விஷயம்.

அதனால்தான் நோட்டீஸைத் தமிழிலும் எழுதி, மளிகைக் கடையிலும் கோவில் வாசலிலும் கொண்டுபோய் ஒட்டினாள். எல்லாம் எழுதி முடித்த பிறகு, நெடுநேரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, அடியில் ஒரு வரி சேர்த்தாள். 'தனியாக வருபவர்களும் வரலாம்.'

ஐந்து மணிக்குக் கீழ்வீட்டு வத்சலா மாமி தன் கணவர் பாலசுப்ரமணியத்தைத் தள்ளாத குறையாகக் கூட்டிக்கொண்டு வந்தாள். மாமிக்கு டான்ஸில் ஆசை ஒன்றும் கிடையாது. மேல்வீட்டுப் பெண் மூன்றாவது வாரமும் காலி நாற்காலிகளுக்கு நடுவே நிற்பதை அவளால் பொறுக்க முடியவில்லை.

"நாங்க வந்துட்டோம்டி. ஜல்தி ஆரம்பி. இவர் ஏழு மணிக்கு நியூஸ் பாக்கணும்."

"இதுல முக்கியமா என்ன பண்ணணும்?" என்றார் பாலசுப்ரமணியம்.

"நடக்கணும் மாமா. அவ்வளவுதான்."

"காலம்பற லோதி கார்டன்ல நடந்தாச்சே."

அப்போதுதான் வாசலில் இன்னொருவர் நிற்பதை இளவரசி கவனித்தாள். குரங்குக் குல்லாயைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு, உள்ளே வருவதா வேண்டாமா என்று நின்றிருந்தார். ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். கையால் பின்னிய பழுப்பு ஸ்வெட்டர், பாலிஷ் போட்ட ஆபீஸ் ஷூ.

"பேரு சதாசிவங்க. ஆரணிப் பக்கம். கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸ்ல இருக்கேன்" என்றார். பிறகு, தப்பு செய்துவிட்டவர்போல, "நோட்டீஸ்ல தனியா வர்றவங்களும் வரலாம்னு போட்டிருந்துச்சுங்க" என்றார்.

"வாங்க சார். உங்களுக்காகத்தான் போட்டது" என்று அவள் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அது எப்படி ஒலித்தது என்று உறைத்தது. அவசரமாகப் போய்ப் பாட்டுப் பெட்டியைத் தட்டினாள்.

முதலில் நடக்கச் சொன்னாள், தனித்தனியாக. காலைத் தூக்காமல், தரையைத் தடவிக்கொண்டு, பாட்டு நிற்கும் இடத்தில் நின்று. பாலசுப்ரமணியம் டிக்கெட் வாங்க வரிசையில் நகர்கிறவர்போல நடந்தார். மாமி சிரித்து ஓய்ந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். சதாசிவம் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து, தூங்குகிற யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல நடந்தார். ஓரிடத்தில் பாட்டு நின்றபோது அவரும் நின்றார். அந்த நிறுத்தத்தில் அவர் முகம் மெல்லத் தளர்ந்ததை இளவரசி பார்த்தாள். இவர் கற்றுக்கொள்வார் என்று அவளுக்குத் தெரிந்தது. அதற்குமேல் நினைக்கத் தன்னை அவள் அனுமதிக்கவில்லை.

பிறகு ஜோடியாகக் கை பிடித்து நடக்கச் சொன்னாள். மாமியும் மாமாவும் ஒரு ஜோடி. சதாசிவத்துக்கு எதிரே அவள் நின்று, முழங்கைகளை மட்டும் தொட்டுக்கொண்டு நடக்கக் காட்டிக்கொடுத்தாள். இது பாடம்தான், ஆட்டமில்லை.

கடைசியில் எல்லோரையும் உட்காரவைத்தாள். பெண்கள் இந்தப் பக்கம், ஆண்கள் அந்தப் பக்கம்.

"இதுல யாரும் யாருகிட்டயும் போய், ஆட வர்றீங்களான்னு கேக்கக் கூடாது. இங்க உக்காந்துக்கிட்டே பாக்கணும். அவங்களும் பாத்தா, தலைய அசைக்கணும். பதிலுக்கு அவங்களும் அசைச்சா, எந்திரிச்சு நடுவுல வந்துரலாம். இஷ்டமில்லைன்னா வேற பக்கம் பாத்துக்கலாம். யாருக்கும் தெரியாது. யாருக்கும் அவமானமில்ல."

"பொண்ணு பாக்கறாப்ல இருக்கே!" என்றாள் மாமி.

இளவரசியும் சிரித்துவைத்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் சாத்தூர் வீட்டுக் கூடத்தில் நிறைய பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புவதாகச் சொல்லி எழுந்து போவார்கள். சொல்லி அனுப்ப மாட்டார்கள். இவள் வேண்டாம் என்று அவர்கள் தீர்மானித்ததை இவளுக்கு முன்னால் தெருவே தெரிந்துகொள்ளும். டேங்கோவில் அவளுக்கு முதலில் பிடித்துப்போனது கால் வேலை ஒன்றுமில்லை, இந்த ஏற்பாடுதான். இதற்காகவே ஒழுங்காகத் தலையசைக்கக் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருக்கிறாள். நேராக, மேலிருந்து கீழே, ஒரே ஒரு தடவை.

பாட்டை ஓடவிட்டு வந்து உட்கார்ந்தாள். மாமி கணவரையே பார்த்தாள். அவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன்னா! இங்க பாருங்கோன்னா!" என்று ஒரு குரல் கொடுத்தாள். யாருக்கும் தெரியாத ஏற்பாடு மெயின் ரோடுவரை கேட்டது. இருவரும் எழுந்து, ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

இளவரசி எதிரே பார்த்தாள். சதாசிவம் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு ஒருவர் அவளைப் பார்க்கிறார். அவள் தலையசைத்தாள், நேராக, ஒரு தடவை. அவர் தலை அசைந்தது. இடமும் வலமுமாக.

மறுப்பு என்றால் அவளுக்கு இரண்டாவது தடவை பார்க்கத் தேவையில்லை. சட்டென்று கண்ணை விலக்கி ஜன்னலைப் பார்த்தாள். எதிர்ப்பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கிறீச்சிட்டது. அவள் திரும்பவில்லை. வெளியே வேப்பமரத்தில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. பாட்டு முடிகிறவரை அவள் முகத்தைச் சிரித்தாற்போலவே வைத்திருந்தாள். அந்த வித்தையும் சாத்தூர்க் கூடத்தில் கற்றுக்கொண்டதுதான்.

சாவிக்கொத்தோடு தியாகிஜி வந்தார். வந்திருந்தவர்களைப் பார்த்து அவருக்கே சந்தோஷம். "அச்சா, ஆள் வந்திருக்காங்களே! கொஞ்சம் பேர்தான், பரவாயில்ல. இன்னும் ஒரு மாசம் யோகாக்காரங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன் மேடம்" என்றார்.

"வேண்டாம் தியாகிஜி. அவங்களுக்கே குடுத்துடுங்க."

இந்தியில் சொன்னது எல்லோருக்கும் புரிந்தது. மாமி, "என்னடி இது!" என்றாள். சதாசிவம் குல்லாயை விரித்து, மடித்து, மறுபடி விரித்தார்.

"அப்ப அடுத்த வாரம் இல்லீங்களா மேடம்?"

"இல்ல சார். முடிஞ்சுபோச்சு."

அவர் இரண்டு கையையும் கூப்பிவிட்டுப் போனார்.

பூட்டிவிட்டு அவள் நேரே வீட்டுக்குப் போகவில்லை. போனால் மாமி கேட்பாள். பால் வாங்குகிற சாக்கில் மெயின் ரோட்டுக்கு நடந்தாள். பால் பூத்தை ஒட்டி பஸ் ஸ்டாப், பக்கத்தில் டீக்கடை. பாக்கெட்டை வாங்கிக்கொண்டு திரும்பியபோது டீக்கடை முன்னால் அந்தப் பழுப்பு ஸ்வெட்டர் முதுகைக் காட்டி நின்றது. அவள் பூத்தின் நிழலில் ஒதுங்கினாள்.

"அத்ரக் டாலூன், பாபுஜி?" என்று கேட்டார் டீக்காரர். இஞ்சி தட்டிப் போடட்டுமா என்று.

சதாசிவத்தின் தலை அசைந்தது. இடமும் வலமுமாக.

டீக்காரர் இஞ்சி தட்டுகிற சின்ன உலக்கையைத் தூக்கியபடி நின்றார். "ஹான் யா நா? ஆமாவா, இல்லையா? உங்க மதராசிங்க தலையப் பாத்தா ஒண்ணுமே விளங்க மாட்டேங்குது பாபுஜி!"

"ஹான் பையா, ஹான்" என்றார் சதாசிவம்.

இளவரசியின் கையில் பால் பாக்கெட் ஜில்லென்று கனத்தது. ஆரிப்பின் அடித்தளத்தில், முதல் வருஷம், வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் சந்தோஷத்தில் தலையாட்டினாள், அப்பா கேட்டால் ஆட்டுவதுபோல, சாத்தூரே ஆட்டுவதுபோல. அவர் முகம் வாடி வேறொருத்தியிடம் திரும்பிவிட்டார். "தீதி, உங்க தலை எல்லாத்துக்கும் மாட்டேன்னு சொல்லுது" என்று ஆரிப் விழுந்து விழுந்து சிரித்தான். அன்றிலிருந்துதான் அந்தக் கண்ணாடி, அந்தப் பயிற்சி. பிறந்ததிலிருந்து ஆட்டிய தலையை மறந்தே போகுமளவுக்கு நன்றாகப் பழகிவிட்டாள். எதிர்ப்பக்கம் முதலில் கிறீச்சிட்டது அவர் எழுந்த சத்தம். அவர் எழுந்து நின்றிருக்கிறார். இவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க எழுந்து நின்றிருக்கிறார்.

கூப்பிடலாம். சார் என்று ஒரு சத்தம், பத்தடி தூரம்தான். அதற்குள் பஸ் வந்துவிட்டது. அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஏறினார். உள்ளே மஞ்சள் விளக்கு. ஜன்னலோரமாக, அவள் நின்ற பக்கமாகவே வந்து உட்கார்ந்தார். குளிரில் கண்ணாடி வெள்ளையாகப் பூத்திருந்தது.

அவள் நிழலிலிருந்து வெளியே வந்தாள். நடைபாதையின் விளிம்புவரை போய், விளக்குக் கம்பத்துக்கு நேர் கீழே நின்று, ஜன்னலைப் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த முகம் திரும்பியதுபோல இருந்தது. இளவரசி தலையசைத்தாள். மேலும் கீழுமாக இல்லை. இடமும் வலமுமாக, கழுத்து தளர, பால் பாக்கெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப.

வண்டி நகரத் தொடங்கியது. உள்ளேயிருந்து ஒரு கை, ஸ்வெட்டர் நுனியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியை வேகவேகமாகத் துடைத்துக்கொண்டிருந்தது.