ஆவாரைக்குக் காவல்

காலையிலேயே தையல்காரம்மா தன் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய், வீட்டு வரிசைக்குப் பின்னால் நீண்டு கிடந்த மண்மேட்டின் அடியில், தன் வீட்டுப் பக்கமாகப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மேட்டில் ஆவாரஞ்செடிகள் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தன. மண்வெட்டியோடு வந்த ஆட்கள் திருதிருவென்று முழித்தார்கள். அவளைத் தாண்டித்தான் மேலே ஏற வேண்டும்.

விஷயம் இதுதான். அழகான குடியிருப்புக்குப் பரிசு கொடுக்க நடுவர்கள் வரப்போகிறார்கள். குடியிருப்புச் சங்கத் தலைவருக்கு அந்தக் கோப்பை மேல் பைத்தியம். ஆவாரையைப் பிடுங்கிவிட்டு, பாய் போலச் சுருட்டி விற்கும் வெளிநாட்டுப் புல்லை மேடு முழுக்க விரிக்கக் கிளம்பிவிட்டார். தன் வீட்டுப் பின்புறத்தில் ஆரம்பித்து முக்கால் மேட்டை முடித்தாயிற்று. மிச்சம் இவள் வீட்டுப் பின்புறம்தான். தலைவர் வேறு யாருமில்லை, அவளுடைய கொழுந்தன்தான்.

“அண்ணி, மானத்த வாங்காதீங்க. எழுந்திரிங்க!”

“மாட்டேன் தம்பி. இந்த வேருதான் மண்ணப் பிடிச்சிட்டிருக்கு. பிடுங்கினா மேடு என் அடுப்படிக்குள்ள வந்து உட்காரும்.”

“நாலு களைச்செடிக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டமா?”

“களையா? நீ தண்ணி ஊத்தினியா, உரம் போட்டியா? யார் தயவும் இல்லாம பூத்து நிக்குதுல்ல, அதான் உனக்கு இளக்காரமாப் போச்சு!”

மெஷின் கடகடவென்று ஓடியது. தைக்கக் கொடுத்த துணியை வாங்க வந்த பெண்களும் அவளைச் சுற்றி நின்றுகொண்டார்கள். தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்களைத் திருப்பி அனுப்பினார்.

நடுவர்கள் வருவதற்கு முந்தின சாயங்காலம் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. விடிந்து பார்த்தால், அடக் கண்றாவியே! விரித்த புல்லெல்லாம் சேற்றோடு சரிந்து தலைவர் வீட்டு அடுப்படிக்குள்ளேயே வந்து கிடந்தது. தையல்காரம்மா பக்கம் ஒரு பிடி மண் நகரவில்லை. மழை கழுவிவிட்ட மஞ்சள் பூக்களைச் சுற்றி வண்ணத்துப்பூச்சிகள் பறந்தன.

சேற்றைத் தாண்டி வந்த நடுவர்கள் அந்தப் பூக்களுக்கு முன்னால்தான் அசந்துபோய் நின்றார்கள்.

“இதக் காப்பாத்தி வெச்சது யாருங்க?”

முழங்கால் வரை சேறாக நின்ற தலைவர் முன்னால் வந்தார்.

“எங்க அண்ணிதாங்க. நான் பிடுங்கத்தான் வந்தேன். நம்ம மண்ணுல தானா வளர்றதெல்லாம் மட்டம், தூரத்துலேருந்து வந்தாத்தான் ஒசத்தின்னு நெனச்சேன். பிடுங்க வேண்டியது செடிய இல்லீங்க, அந்த நெனப்பத்தான்!”

வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த பெண்கள் கைதட்டியதில் தையல்காரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் விட்டுவிடுவாளா?

“சரி தம்பி, பேசினது போதும். மண்வெட்டிய எடு. ஆவார விதை நிறைய வெச்சிருக்கேன், முக்கால் மேடு மொட்டையா கெடக்கு!”