கூரையைப் பிரித்த நால்வர்

"அசையாதீங்க மாமா, கீறிடும்."

"கீறட்டும்டா. அந்த வீட்டுக்காரனை நெனச்சுப் பாரு மாப்ள. வீடு நெறைய ஆளு, நடுவுல இயேசு பேசிக்கிட்டிருக்காரு. தலையில பொத்துன்னு மண்ணு விழுது. அண்ணாந்து பாத்தா கூரையில ஓட்டை! நம்ம வீட்டுக்காரரா இருந்தா அன்னைக்கே காலி பண்ணச் சொல்லியிருப்பாரு."

சிரித்தார். சோப்பு நுரை என் சட்டையில் தெறித்தது. மாமா என் அக்காவின் கணவர். வீட்டுச் சாமான்களை ஏற்றி இறக்கும் தொழிலுக்கு என்னைக் கொண்டுவந்தவரும் அவர்தான். இரண்டு வருடமாகக் கழுத்துக்குக் கீழே அசைவில்லை. ஞாயிறுதோறும் நான் வந்து சவரம் செய்துவிடுவேன். காலையில் அக்கா வாசித்துக் காட்டிய சுவிசேஷக் கதையை அவர் இன்னும் விடவில்லை.

"நம்ம தொழில்ல இருந்து பாரு. நாலு பேரு, நாலு கயிறு. கை கால் வராத ஆளைப் படுக்கையோட இயேசு முன்னால எறக்குறாங்க. ஒருத்தன் ஒரு முழம் முந்தினாலும் சரிஞ்சிருப்பான். படுத்திருக்கறவனுக்கு என்ன தெரியும்? மேல இருக்கற கைய நம்பித்தான் வர்றான்."

பிளேடைத் தண்ணீரில் அலசினேன். சுத்தமான பிறகும் அலசிக்கொண்டிருந்தேன்.

மாமா விழுந்த அன்று மூன்றாம் மாடியிலிருந்து ஓர் இரும்பு பீரோவை இறக்கினோம். கீழே பிடித்துப் பின்புறமாக இறங்குகிறவருக்குப் படி தெரியாது. மேலே பிடித்திருப்பவன்தான் ஒவ்வொரு படியாகச் சொல்ல வேண்டும். கீழே மாமா, மேலே நான். திருப்பத்தில் ஒரு ஜன்னல் இருந்தது. தெருவில் நின்ற லாரி ஓட்டுநர் என்னைப் பார்த்து ஏதோ கிண்டல் செய்தான். நானும் பதிலுக்கு ஒன்று கத்தினேன். நல்ல பதில், அவனே சிரித்துவிட்டான். அதற்குள் நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு படி.

ஆஸ்பத்திரியில் அக்காவிடம், "மாமாவுக்குக் கால் வழுக்கிடுச்சுக்கா" என்றேன். கட்டிலில் கிடந்த மாமாவுக்கும் கேட்டது. இன்றுவரை அவர் அதை மறுத்ததில்லை.

அக்கா துண்டோடு வந்தாள். "என்ன, மாமனும் மச்சானும் கூரையைப் பிரிச்சு முடிச்சாச்சா?" என்றவள் என் தலையைத் தடவினாள். "பெத்த புள்ளகூட இப்படி வந்து செய்யாது."

அவள் திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

"இயேசு மொதல்ல அவனை நடக்க வைக்கல, கவனிச்சியா?" என்றார் மாமா. "மகனே, உன் பாவமெல்லாம் மன்னிச்சாச்சுன்னாரு. எழுந்திருன்னு சொன்னது அப்புறந்தான். நடுவுல கொஞ்ச நேரம் அவன் அப்படியே படுத்துக் கெடந்தான்ல? கை கால் வரல, ஆனா எல்லாம் சரியாயிடுச்சு. நான் இப்ப அந்த நேரத்துலதான் இருக்கேன்டா. எழுந்தாலும் சரி, எழலைன்னாலும் சரி, அவரு கையில இருக்கேன். இந்த சந்தோஷம் எங்கயும் போகாது."

சிரிப்பு பொய்யென்றால், இவ்வளவு பக்கத்தில் முகத்தைப் பிடித்துச் சவரம் செய்கிறவனுக்குத் தெரிந்துவிடும். இது பொய்யில்லை. நினைத்த இடத்துக்கெல்லாம் நடந்து போகிற எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது.

"இன்னொண்ணு, படுத்திருந்தவனோட நம்பிக்கையை மட்டும் அதுல சொல்லல. அவங்க நம்பிக்கையைப் பாத்தாராம். தூக்கிட்டு வந்தவனுங்களையும் சேத்துத்தானே சொல்லுது?"

"எனக்கு அதெல்லாம் வராது மாமா. நான் அந்த மாதிரி ஆளில்ல."

"நீ எந்த மாதிரி ஆளுன்னு எனக்குத் தெரியும்."

அக்கா அவர் கன்னத்தைத் துடைத்துவிட்டு அங்கேயே நின்றாள். நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழப் பார்த்தேன்.

"உக்காரு. தெனமும் நான் ஜெபம் பண்றேன், உங்கக்கா பண்றா. நீ ரெண்டு வருஷமா வர்ற, ஒரு நாளும் வாயத் தொறக்கல. எனக்காக அவருகிட்ட ஒரு வார்த்தை பேசு மாப்ள. மனசுக்குள்ள வேணாம். எங்க ரெண்டு பேரு காதுலயும் விழற மாதிரி பேசு."

அந்த ஒரு படியைச் சொல்லாமல் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது?